மானியும் கேட்போரும்

கி.பி. 216இல் பாபிலோனிய நாட்டில் பிறந்து, பாரசீகச் சிறையில் உயிர்நீத்தவர் மானி. அவர் நிறுவிய மானிக்கேய சமயம் மேற்கே உரோமைப் பேரரசு முதல் கிழக்கே சீனம் வரை பரவிப் பின் மறைந்தது. சீனத்துப் பூசியன் மாகாணத்துக் கோயிலொன்றில் மானியின் கல்லுருவம் இன்றும் உள்ளது. அதனை அவ்வூரார் புத்தர் என்றே வணங்கி வந்தனர். நம் வயல்வெளிகளில் பெயரிழந்து நிற்கும் தீர்த்தங்கரர் திருமேனிகள் நினைவுக்கு வருகின்றன.

ஒளியும் இருளும் ஆதியிலேயே இருவேறு முதல்கள். இருள் ஒளியைத் தாக்கியது. அப்போரில் சிதறிய ஒளி மண்ணிலும் மரத்திலும் கனியிலும் உடலிலும் சிறைப்பட்டுள்ளது என்பது மானியின் கொள்கை. அவர் சமயத்துத் துறவியர் 'தேர்ந்தோர்' எனப்பட்டனர். ஊன், மது, இல்லறம், உடைமை ஆகியவற்றோடு, நிலம் உழுதலும் காய் பறித்தலும்கூட அவர்க்கு விலக்கு. அவர்க்கு உணவு கொணர்ந்து படைத்த இல்லறத்தார் 'கேட்போர்' எனப்பட்டனர். இப்பெயர் நமக்குப் புதிதன்று. சாவகர் என்னும் சொல்லின் பொருளும் கேட்பவர் என்பதே. கிறித்தவப் பேரறிஞர் அகஸ்தீன் இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இக்கேட்போருள் ஒருவராக இருந்தார்.

மானி கி.பி. 240ஐ ஒட்டி இந்தியாவின் வடமேற்குப் பகுதிக்கு வந்தவர். ஆகவே சமணத்திடம் கற்றார் என்பாரும் உளர். அவ்வாறு விரைந்து முடிவு கட்டுதல் தகாது. கொலோன் நகரிலுள்ள, உள்ளங்கையினும் சிறிய கிரேக்கத் தோற்சுவடி ஒன்று அவரது இளமையைக் கூறுகிறது. நீராட்டு நெறியினரிடையே அவர் வளர்ந்தபோதே பேரீச்ச மரம் பேசிற்று என்றும், கொய்த காய்கறியில் குருதி வடிந்தது என்றும் அதில் உள்ளது. அஃது இந்தியப் பயணத்துக்கு முற்பட்ட காலம். எனினும் சுவடியைத் தொகுத்தவர் பின்வந்த மாணாக்கர் ஆதலின், அதுவும் முடிந்த சான்றாகாது.

வேற்றுமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம் அறம் கூறும் அசீவம் தீயதன்று. அதற்குப் பகையும் இல்லை, விருப்பும் இல்லை. உயிரைக் கட்டுவன அதன் கசாயங்களே. மானிக்கோ தீமை வெளியிலிருந்து படையெடுத்து வந்தது. உணவிலும் இதுவே தெரிகிறது. தேர்ந்தோர் உண்பதால் கனியிலுள்ள ஒளி விடுதலை பெறும். கனியைக் கொய்த கேட்போரின் பாவம் அவர்தம் வேண்டுதலால் மன்னிக்கப்படும். தனக்கெனச் சமைத்ததை நம் முனிவர் ஏலார். ஏற்பினும், சமைத்தவர் வினையை மன்னித்துக் கழிக்க அவரால் இயலாது.