ஒரே நாள், ரெண்டு சட்டம்: ஆன்ஸ்லிங்கரும் நம்ம சேலமும்

1937 அக்டோபர் 1. இந்தத் தேதியைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க மக்களே. அன்னிக்குத்தான் சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு அமலுக்கு வந்துச்சு. அதே நாள்ல அமெரிக்காவுல கஞ்சாவை முடக்கின மாரிவானா வரிச் சட்டமும் அமலுக்கு வந்துச்சு. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா சுவாரசியமான மேட்டர் நிறைய இருக்கு.

அமெரிக்கச் சட்டத்துக்குப் பின்னாடி இருந்தவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். 1892-ல பென்சில்வேனியாவுல பிறந்தவர், அப்பா ரயில்வே தொழிலாளி. பஹாமாஸ்ல தூதரக அதிகாரியா இருந்தப்ப, அங்கிருந்து கிளம்புற சாராயக் கடத்தல் கப்பல்களைத் தடுக்க பிரிட்டிஷாரோட பேசி ஏற்பாடு பண்ணினார். அந்தப் பேர்ல மதுவிலக்குத் துறைக்குப் போய், 1930-ல புதுசா ஆரம்பிச்ச மத்திய போதைப்பொருள் துறைக்குத் தலைவர் ஆனார். அப்ப வயசு 38. அந்த நாற்காலியை விட்டு எழுந்தது 1962-ல! ஹூவர்ல இருந்து கென்னடி வரைக்கும் 5 ஜனாதிபதிகள் மாறினாங்க, இவர் மாறல.

1933-ல அமெரிக்கா மதுவிலக்கையே தூக்கிக் குப்பையில போட்டுருச்சு. ஆன்ஸ்லிங்கர் கையில எடுத்தது கஞ்சா. கஞ்சா அடிச்சா கொலை பண்ணுவாங்கன்னு பத்திரிகைகள்ல கதை கதையா வந்துச்சு, இவரும் எழுதினார். மெக்சிகோக்காரங்க, கறுப்பினத்தவங்க மேல இருந்த வெறுப்பும் கூடச் சேர்ந்துக்கிச்சு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட பிரதிநிதி விசாரணையில எதிர்த்துப் பேசியும் எடுபடல. 1944-ல நியூயார்க் மேயர் லகார்டியா போட்ட குழு 'நீங்க சொல்ற அளவுக்கு ஆபத்தில்ல'ன்னு அறிக்கை குடுத்தப்பவும் மனுஷன் அசையல.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க.

கள்ளுக்கடை மறியல்னா கொங்குநாட்டுக்குப் புதுசில்லைங்க. 1921-ல ஈரோட்டுல பெரியார் மறியல் பண்ணினதும், நாகம்மையும் கண்ணம்மாளும் தெருவுல இறங்கினதும், தாத்தம்பட்டி தோப்புல 500 தென்னைக்கு மேல வெட்டிச் சாய்ச்சதும் நமக்குத் தெரிஞ்ச கதை. ராஜாஜி 1925-ல திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்துல ஆசிரமம் வச்சார். 1929-ல மதுவிலக்குக்குன்னே 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார், கூட வேலை பார்த்தவர் கல்கி. 1937 ஜூலையில சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும், சட்டத்தைச் சோதிச்சுப் பார்க்க எடுத்துக்கிட்டது சொந்த மாவட்டத்தைத்தான். அன்னிக்குச் சேலம்னா இன்னிக்கு இருக்கிற நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்த்து. அப்புறம் சித்தூர், கடப்பா, வடஆற்காடுன்னு விரிஞ்சுது. 1948-ல மாகாணம் முழுக்க வந்துருச்சு.

இங்கதான் ட்விஸ்ட். அமெரிக்காவுல வரிங்கிற பேர்ல ஒரு பொருளைத் தடை பண்ணினாங்க. இங்க தடை பண்ணினதால வரி போச்சு. கள்ளு, சாராய ஏலப் பணம் மாகாண கஜானாவுல பெரிய பங்கு. அந்த ஓட்டையை அடைக்கிறதுக்கு ராஜாஜி 1939-ல கொண்டு வந்ததுதான் பொது விற்பனை வரி. இந்தியாவுக்கே முன்னோடி.

மதுவிலக்கு என்னாச்சு? 1971-ல கலைஞர் ஆட்சியில தளர்த்தினாங்க, 1974-ல திரும்ப வந்துச்சு. 1983-ல எம்.ஜி.ஆர். காலத்துல டாஸ்மாக், 2003-ல ஜெயலலிதா காலத்துல அரசே சில்லறைக் கடை. 2017-ல ஜி.எஸ்.டி. வந்து மாநில விற்பனை வரியைப் பெருமளவு முழுங்கினப்ப, தப்பிச்ச சில பொருள்கள்ல மதுவும் ஒண்ணு. அதாவது சாராய வருமானம் இல்லாம நாட்டை நடத்தணும்னு கண்டுபிடிச்ச வரியை, இன்னிக்கு மது பாட்டில் மேலயே வசூல் பண்றோம். ராஜாஜி இதைப் பார்க்கல, 1972-லயே போயிட்டார்.

ஆன்ஸ்லிங்கர் கதையும் நம்மளை விடலைங்க. கஞ்சாவையும் உலகத் தடைக்குள்ள கொண்டு வர ஐ.நா.வுல வருஷக்கணக்கா மல்லுக்கட்டினார். 1961 ஒப்பந்தத்துல கஞ்சா சேர்ந்துச்சு. பழக்கத்துல இருக்கிற நாடுகளுக்கு 25 வருஷம் அவகாசம். 1893-94-லயே வெள்ளைக்காரன் போட்ட கமிஷன், அளவோட எடுத்துக்கிட்டா பெரிய கெடுதல் இல்லன்னு சொன்ன நாடு இது. அவகாசம் முடியற நேரத்துல, 1985-ல நாமும் போதைப்பொருள் சட்டம் போட்டோம். அடுத்த வருஷமே மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுத் துறையும் வந்துச்சு. அதுலயும் பாங்கு இலைக்கு மட்டும் விலக்கு, ஹோலிக்கு வேணுமே :)

என் கருத்து என்னன்னா, ரெண்டு பேரையும் ஒரே தராசுல நிறுத்த முடியாது. ஆன்ஸ்லிங்கர் பயத்தைக் காட்டிச் சட்டம் போட்டார். ராஜாஜி கூலிக்காரன் வீட்டு அடுப்பை நினைச்சுப் போட்டார், இழந்த வருமானத்துக்கு மாற்று வழியும் வச்சார். ஆனா ரெண்டு பேருமே சட்டத்தால பழக்கத்தை மாத்திடலாம்னு நம்பினாங்க. எங்க சொந்தத்துலயே குடியால அழிஞ்ச குடும்பம் இருக்கு. கள் இறக்கினதுக்காக கேஸ் வாங்கின மரமேறியும் எங்க ஊர்ல இருக்கார். 1987-ல இருந்து இங்க கள்ளுக்குத் தடை, பாட்டிலுக்கு இல்ல. இந்த ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து நியாயம் சொல்ற ஒரு சட்டத்தை இதுவரைக்கும் யாரும் எழுதல.

உங்க ஊர்ல மதுவிலக்குக் காலத்தைப் பத்திப் பெரியவங்க சொன்ன கதை இருந்தா பின்னூட்டத்துல போடுங்க.