கொதிகலனிலிருந்து கருப்பைக்கு

செம்பனை ஆலையிலே கொதிகலனை நாம் பார்த்திருக்கிறோம். அதன் இரும்புத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்தால் போதும், ஆபத்துதான். அந்த விரிசலைத் தேடிய கருவி, தாயின் வயிற்றிலுள்ள குழந்தையை அளக்க வந்த கதையை இன்று காண்போம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் அந்நாளில் கப்பல் கட்டுவதற்குப் பேர்போனது. 1954-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானவர் இயன் டோனால்ட். நம் காதுக்குக் கேளாத ஒலியை இரும்புக்குள் செலுத்தினால், விரிசலில் பட்டு எதிரொலி திரும்பும். சதைக்குள்ளும் அப்படித் திரும்பாதா என்று அவர் எண்ணினார். 1955 ஜூலையில், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூ என்னுமிடத்திலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்கே போய்விட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இறைச்சித் துண்டு ஒன்றும் வைத்திருந்தார்கள். நீர்க்கட்டிக்கு ஒரு விதம், சதைக்கட்டிக்கு வேறு விதம் என்று கருவி பிரித்துக் காட்டிற்று. தொழிலாளர் கைபட்ட கருவி மருத்துவருக்கு வழிகாட்டியதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

டாம் பிரௌன் என்ற இளம் பொறியாளரும், ஜான் மெக்விக்கர் என்ற மருத்துவரும் அவருடன் சேர்ந்தனர். புற்றுநோய், இனிப் பயனில்லை என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது வெறும் நீர்க்கட்டி என்று கருவி காட்டியது. கட்டியை எடுத்தார்கள், அவள் பிழைத்தாள். 1958-இல் மூவரும் தம் ஆய்வை வெளியிட்டனர்.

அதுவரை வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சியை மருத்துவச்சியின் கையும் அளவு நாடாவுமே சொல்லின. அனுபவமுள்ள கையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மெலிந்த குழந்தைகள் பலரைப் பிறந்த பிறகுதான் அறிய முடிந்தது. சிலர் பிறக்குமுன்பே இறந்தனர்.

1964-இல் ஜேம்ஸ் வில்லாக்ஸ் என்ற மருத்துவரும் உடனிருந்தோரும் குழந்தையின் தலையைக் கேளா ஒலியால் அளந்த முறையை வெளியிட்டனர். 1968-இல் ஸ்டூவர்ட் கேம்பல் அம்முறையைத் திருத்தமாக்கினார். எனினும் தலை சில வேளை ஏமாற்றிவிடும். நச்சுக்கொடி வழியாக ஊட்டம் குறையும்போது, குழந்தையின் உடல் மூளைக்கே இரத்தத்தை முதலில் அனுப்புகிறது. வீட்டில் அரிசி குறைந்தால் தாய் தன் பங்கைப் பிள்ளைக்கு வைப்பாளே, அதுபோல. தலை வளரும், ஈரலில் சேமிப்புக் கரையும், வயிறு சிறுக்கும். ஆகவே 1975-இல் கேம்பலும் அவர் உடன் ஆய்வாளரும் வயிற்றின் சுற்றளவைக் கொண்டு குழந்தையின் எடையைக் கணிக்கும் வழியைத் தந்தனர். இன்றும் ஸ்கேன் எடுப்பவர் வயிற்றை அளக்கத் தவறுவதில்லை.

ஒரே அளவு முழுச் செய்தியையும் சொல்லாது. இரண்டு மூன்று வாரம் விட்டு மீண்டும் அளந்தால்தான் வளர்ச்சி நின்றதா, நடக்கிறதா என்று தெரியும். அதற்குக் கரு எத்தனை வாரம் என்பது சரியாக இருக்கவேண்டும். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைத் தாதி கேட்பதும், முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே ஸ்கேனுக்கு வரச் சொல்வதும் இதற்காகத்தான்.