தந்தையும் பாட்டியும்: ‘பாபா’ என்ற சொல்

துருக்கியில் ‘பாபா’ தந்தை. ரஷ்யாவிலும் போலந்திலும் பல்கேரியாவிலும் அதே ஒலி பாட்டியையோ வயதான பெண்ணையோ குறிக்கும். ஒன்றிலிருந்து மற்றது வந்ததென்று சொல்லத் தோன்றும். ஆனால் ரஷ்யம், போலிஷ், பல்கேரியம் சேர்ந்த ஸ்லாவிய மொழிக் குடும்பத்தின் எல்லாக் கிளைகளிலும் இச்சொல் பெண்ணுக்கே உரியது. உஸ்மானியத் துருக்கியர் வருகைக்கு முன்பே அங்கே வேரூன்றியது. கடன் வாங்கியவர்கள் ஆணைப் பெண்ணாக்குவானேன்? ஒலி ஒத்திருப்பதற்குக் காரணம் வேறு: மழலை வாய்க்கு இதழொலிகளே எளிது, நம் அப்பாவும் அம்மாவும் போல. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரமும் இதுவே. எனவே இவை தனித்தனியே பிறந்த இரு சொற்கள் என்பேன்.

அப்படியானால் ஸ்லாவிய மொழி பேசும் போஸ்னியாவில் தந்தையை ‘பாபோ’ என்பது எப்படி? அது மட்டும் உண்மையில் துருக்கியக் கடன்தான். பாட்டியான ‘பாபா’ ஏற்கெனவே வீட்டில் இருந்ததால், வந்த சொல் கடைசி உயிரெழுத்தை மாற்றிக்கொண்டு அருகிலேயே குடியேறியது. உக்ரைன் புல்வெளிகளில் கிப்சாக் துருக்கியர் நிறுத்திய கற்சிலைகள் இன்னும் வியப்பானவை. கையில் கிண்ணம் ஏந்திய அச்சிலைகளை 1253-இல் அவ்வழி சென்ற ருப்ரூக் துறவி வில்லியம் குறித்துவைத்தார். மீசையுள்ள வீரர் சிலையையும் ரஷ்யர் ‘கல் பாபா’ என்றே அழைக்கின்றனர். மூதாதையைக் குறித்த துருக்கியச் சொல்லை, ஸ்லாவியச் செவி தன் கிழவியாகக் கேட்டிருக்க வேண்டும்.