உலருணவுச் சேமிப்பு: நல்லதண்ணி

உலருணவுச் சேமிப்பு என்பது, நீர்ச்சத்துக் குறைந்திருப்பதால் நாள்பட இருக்கக்கூடிய அரிசி, மா, பருப்பு, கருவாடு, பால்மா போன்ற உணவுப்பொருட்களை ஒரு குடும்பம் அன்றாடத் தேவைக்கு மேலாக மொத்தமாக வாங்கி வீட்டில் பேணி வைப்பதைக் குறிக்கும். நுவரெலியா மாவட்டத்தின் மஸ்கெலியாப் பகுதியில், ஹட்டனிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தொலைவில், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் அமைந்த நல்லதண்ணியிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் இவ்வழக்கம் காலநிலையோடும் சம்பளத் திகதியோடும் பிணைந்தது. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில் இவ்வூரின் வீதிகள் கடைகளால் நிறைந்திருக்கும். அக்காலம் முடிந்து தற்காலிகக் கடைகள் கழற்றப்படும் அதே வேளையில் தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் இறங்கத் தொடங்குவதால், கடையும் பாதையும் ஒருசேர நம்பமுடியாதவையாகிவிடுகின்றன.

உலருணவை இரு வகையாகப் பிரித்துக் கொள்ளலாம். வெயில், காற்று, புகை, உப்பு ஆகியவற்றால் நீர் வற்றவைக்கப்பட்ட கருவாடு, வற்றல், வடகம் போன்றவை ஒரு வகை. ஆலையில் இயந்திரத்தால் நீர் அகற்றப்பட்டவை மற்றொரு வகை. இரண்டாம் வகை வெளிநாட்டு வழக்கம் என்றே பலர் எண்ணினாலும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் அடுக்களை அதனை நீண்ட காலமாகவே அறிந்திருக்கிறது. பாலைச் சுண்டவைத்துச் சூடான காற்றினுள் நுண்துளிகளாகத் தெளித்து நொடியில் பொடியாக்கியதே பால்மா. எண்ணெய் நீக்கிய சோயா மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கி உலர்த்தி எடுத்ததே சோயாமீட். இவ்விரண்டும் இல்லாத தோட்டக் கடையைக் காண்பது அரிது.

நெல் விளையும் தமிழ்நாட்டு ஊர்களில் குதிரும் குலுக்கையும் வீட்டின் உறுப்புகளாக இருந்தன. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து தோட்ட வேலைக்காக இலங்கையின் மலையகத்துக்கு வந்தவர்களில் பலர் நிலமற்றவர்கள் ஆகையால் அந்தக் குதிர்கள் அவர்களுடையவையாக இருந்ததில்லை. எனினும் விளைச்சலின்போது கூலியாகக் கிடைத்த நெல்லை அடுத்த விளைச்சல் வரை காக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. தோட்டத்தில் அவ்வறிவுக்கு இடமில்லாமற் போயிற்று. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுடைய லயத்துக் காம்பராவில் மூடை அடுக்க இடமில்லை. அரிசியைத் தோட்டமே வழங்கி அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டதால், உணவுக் கையிருப்பு என்பது குடும்பத்தின் கையில் இல்லாமல் தோட்டத்தை நடத்திய துரையின் களஞ்சியத்திலும் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் கடையிலும் இருந்தது. தொழிலாளியின் கடன் தொகையை எழுதி அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றப் பயன்பட்ட ‘துண்டு’ முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் உணவைக் கடனாக வாங்கிச் சம்பளத்தில் அடைக்கும் பழக்கம் அத்துடன் ஒழியவில்லை.

கையிருப்பு தம்மிடம் இல்லாததன் விலையை மலையக மக்கள் திரும்பத் திரும்பச் செலுத்தினர். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா ஓரளவு நிரப்பியது. இன்று காலையில் கொழுந்து மலைக்கு எடுத்துச் செல்லப்படும் ரொட்டியின் வரலாற்றில் அந்தப் பஞ்சகாலத்துக்கும் பங்குண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டு, மாவும் சீனியும் விலையேறி, தனியார் அரிசி கொண்டு செல்வதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, பயிர்நிலமும் இல்லாமல் சேமிப்பும் இல்லாமல் இருந்த தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ வீட்டுத் தோட்டத்துப் பலாவோ கைகொடுத்தது; லயத்திலிருந்தவருக்கு மாதச் சம்பளத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோதும், மா விலையின் ஏற்றம் முதலில் தாக்கியது ரொட்டியை நம்பியிருந்த இவ்வீடுகளையே.

மொத்தமாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும் என்பது எவரும் அறிந்த கணக்கு. ஆயினும் மொத்தமாக வாங்கக் கையில் மொத்தப் பணம் வேண்டும். பெருந்தோட்டங்களில் சம்பளம் மறுமாதம் பத்தாம் திகதியளவில் கிடைக்கிறது. இடையில் ஒரு முற்பணம் உண்டு. மாதத்தின் கடைசி நாட்களில் கடைக்காரரின் கடன் கொப்பியில் எழுதி இருநூற்றைம்பது கிராம் பருப்பும் ஐம்பது கிராம் நெத்தலியும் வாங்கும் குடும்பம், அதே பொருளுக்குப் பணக்காரக் குடும்பத்தைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறது. ஏழைக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்ததில்லை. இத்தளையிலிருந்து வெளிவர இரு வழிகள் வழக்கில் உள்ளன: பெண்கள் கூடிப் பிடிக்கும் சீட்டில் தமக்கு விழும் மாதத்தில் மூடையாக வாங்குவது, தீபாவளி முற்பணத்தின் ஒரு பகுதியைத் துணிமணிக்குச் செலவிடாமல் அரிசிக்கு ஒதுக்குவது. முற்பணம் பின்னர் சம்பளத்தில் மாதத் தவணைகளாகக் கழிக்கப்படும் என்பதால், இரண்டாவது வழியைக் கணக்குப் பார்த்தே கைக்கொள்ள வேண்டும். இவை தவிர, மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ மொத்தக் கடையில் ஒரு மூடை எடுத்துப் பங்கிட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் இலகுவானது.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு நிவாரணப் பணிகளில் கையாளப்படும் அளவு நல்ல வழிகாட்டி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,100 கிலோகலோரி என்ற அடிப்படையில், உலக உணவுத் திட்டத்தின் பொதிகளில் பொதுவாக 400 கிராம் தானியமும் 60 கிராம் பருப்பு வகையும் 25 கிராம் எண்ணெயும் அடங்கும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு முப்பது நாளுக்கு இது 48 கிலோ தானியம், 7 கிலோவுக்குச் சற்று மேல் பருப்பு, 3 கிலோ எண்ணெய் என்றாகிறது. அதாவது, 25 கிலோ அரிசி மூடை ஒன்றும் அதே அளவு மாவும் ஒரு மாதக் கையிருப்பு. நாள் முழுவதும் சரிவில் ஏறியிறங்கிக் கொழுந்து பறிப்பவருக்கு இவ்வளவு போதாது என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும். ஒரே நாளில் இதனைச் சேர்க்க வேண்டியதில்லை. சம்பளத்துக்குச் சம்பளம் இரண்டு கிலோ அரிசியைக் கூடுதலாக வாங்கி வந்தால், யாத்திரைக் காலம் தொடங்கியதிலிருந்து மழை தொடங்குவதற்குள் ஒரு வாரப் பாதுகாப்பு உருவாகிவிடும். பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைப்பதே இதில் மாறாத விதி.

நல்லதண்ணியில் சேமிப்பின் பெரும்பகை வண்டு அன்று, ஈரம். அரிசி வண்டு 28 பாகை செல்சியஸ் அளவில் விரைந்து பெருகும். 15 பாகைக்குக் கீழே அதன் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். ஆகவே மலைக்குளிர் அரிசிக்கு ஒருவகையில் காவல். ஆனால் தானியத்தின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டாதிருக்க, சூழ்ந்துள்ள காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் போகாமலிருக்க வேண்டும். ஆடி மாதத்து மழையில் உப்புப் போத்தல் தானாகக் கசிந்து, சுவரில் வியர்வைபோல் நீர் கோர்த்து, மா கட்டிகட்டியாக இறுகும் வீட்டில் அது கைகூடாது. எனவே திறந்த சாக்கில் சேமிப்பது இங்கே பயனற்றது. மழை வருமுன், வெயிலான நாளில் அரிசியைப் பாயில் பரப்பிக் காயவிட்டு, சூடு ஆறியபின் இறுக மூடும் தகர டின்னிலோ பிளாஸ்டிக் பீப்பாயிலோ விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். சூடு ஆறுமுன் மூடினால் மூடியின் உட்புறத்தில் நீர் கோர்த்து மேற்பரப்பு அரிசி பூஞ்சணம் பிடிக்கும். விளிம்புவரை நிரப்புவதற்கும் காரணமுண்டு: உள்ளே எஞ்சும் காற்று குறையக் குறைய, ஏற்கெனவே உள்ளிருக்கும் வண்டுகள் ஒட்சிசன் இன்றி மடியும். டின்னைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் பலகையிட்டு அதன்மேல் வைப்பது வழக்கம்.

வாங்கும்போதே தேர்ந்தெடுப்பதில் பாதிச் சேமிப்பு அடங்கியுள்ளது. மூடையின் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புத் தட்டுமாயின், உள்ளே பூச்சியோ பூஞ்சணமோ பெருகிவிட்டது என்று பொருள். நன்கு காய்ந்த அரிசியைக் கடித்தால் ‘டக்’கென்று முறியும், ஈரமுள்ளது நசியும். தவிடு முழுதும் நீங்காத சிவப்பரிசி சத்து மிக்கதாயினும், தவிட்டின் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் நீண்ட சேமிப்புக்குத் தீட்டிய புழுங்கலரிசியே ஏற்றது. கருவாட்டில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தென்பட்டால் உப்பை விரும்பும் நுண்ணுயிர் பற்றியிருக்கிறது. அதனை மலிவு என்று வாங்கலாகாது. பூஞ்சணம் பிடித்த செத்தல் மிளகாய், நிலக்கடலை, சோளம் ஆகியவற்றில் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். ஈரலைத் தாக்கும் அந்நஞ்சு கழுவுவதாலோ சமைப்பதாலோ நீங்குவதில்லை.

வீட்டில் சேமிப்பதைப் பதுக்கலோடு குழப்பிக்கொள்ளலாகாது. 2021 ஆகஸ்ட் இறுதியில் சீனி, அரிசி முதலியவற்றின் விலையேற்றத்தை அடுத்து அரசு அவசரகால ஒழுங்குவிதிகளை நடைமுறைப்படுத்தியது, விற்பனைக்கெனப் பெருந்தொகையாக ஒளித்து வைப்போரை நோக்கியே. தட்டுப்பாடு இல்லாத மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் குடும்பம், தட்டுப்பாடு வரும்போது வரிசையில் ஓர் ஆளைக் குறைக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மலையகமெங்கும் மண்சரிந்து வீதிகளும் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டபோது, நிவாரணப் பொதி வந்து சேரும்வரை வீட்டிலிருந்த மாவும் பருப்புமே சோறாயிற்று.

வீட்டிலேயே உலர்த்துவதற்கு இவ்வூரின் வானம் ஒத்துழைப்பதில்லை. பகலில் வெயிலும் இரவில் உறைகுளிரும் கொண்ட அந்தீஸ் மலைகளில், உருளைக்கிழங்கை உறையவிட்டு மிதித்து நீர் பிழிந்து காயவைத்து ‘சூன்யோ’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகக் காக்கிறார்கள். உயரமான நுவரெலியாவிலும் கரட்டும் கோவாவும் லீக்சும் விலையின்றிக் குவியும் நாட்கள் உண்டு; ஆனால் மூடுபனியில் அவை காய்வதற்கு முன் அழுகிவிடும். பத்துக் கிலோ கரட்டில் ஏறத்தாழ ஒன்பது கிலோ நீரே இருப்பதால், அதனை வெளியேற்ற 60 பாகை அளவில் ஓயாது ஓடும் சூடான காற்று வேண்டும். லயத்தில் அத்தகைய சூடு இருக்கும் ஒரே இடம் அடுப்புக்கு மேலுள்ள பரண். ஈர விறகு காய்வதும், கருவாடு தொங்குவதும் அங்கேதான். அவித்துக் கீறிய பலாச்சுளையைப் புகையில் உலர்த்தி ‘அட்டுகொஸ்’ என்று சிங்களக் கிராமத்தவர் காப்பதும் இவ்வகைப் பரணிலேயே. பலாக்கொட்டையையோ அவர்கள் காய்ந்த மணலுக்குள் புதைத்து, மழை மாதங்களில் வேண்டும்போது கிளறி எடுக்கின்றனர்.