கூந்தல் முத்திரை

கதை எழுதுகிறவர்களுக்குக் கடிதம் என்றால் ஒரே குஷி. ஆனால் அது உரியவர் கையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் எங்களுக்கு லாபமில்லை. மாமியார் கையில் சிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த அத்தியாயம் ஓடும். ஆனால் நம் இலக்கியத்தின் புகழ்பெற்ற கடிதம் ஒன்று யாரிடமும் சிக்காமல் போய்ச் சேர்ந்தது. மாதவி கோவலனுக்கு எழுதிய ஓலையைத்தான் சொல்கிறேன்.

புகாரிலிருந்து அதைக் கொண்டுவந்தவன் கோசிகன். மதுரைக்குப் போகும் வழியில், வைகையைக் கடப்பதற்கு முன்பே, ஒரு நீர்நிலையின் அருகே கோவலனைக் கண்டு கொடுத்தான். ஓலை மண் வைத்து மூடப்பட்டிருந்தது. அந்த மண்ணில் மாதவி பதித்திருந்தது மோதிரத்தை அல்ல, தன் கூந்தலை. பிரிப்பதற்கு முன்பே, பழகிய எண்ணெய் மணம் எழுதியவள் யார் என்று கோவலனுக்குச் சொல்லிவிட்டது. சிலப்பதிகாரத்தில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் கெட்டிக்காரத்தனத்தை வியக்கிறேன். மோதிரத்துக்குப் போலி செய்யலாம். கூந்தலின் மணத்துக்கு யார் போலி செய்வது?

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மண் முத்திரை உடைந்தால், 'யாரோ பிரித்துவிட்டார்கள்' என்று தெரியும். பிரிப்பவனை அது தடுக்காது. மாதவியின் ரகசியத்தைக் காத்தது மண்ணல்ல, கோசிகனின் நாணயம்.

பிறகு தபால் வந்தது. கோசிகன் இருந்த இடத்தில் சர்க்கார் உட்கார்ந்தது. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்களுக்காகக் கடிதங்களை வழிமறிக்க 1898-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. வெள்ளைக்காரன் போனான், அந்த அதிகாரம் போகவில்லை. 2023-இல் வந்த புதிய தபால் சட்டத்திலும் அது இருக்கிறது.

சுமப்பவனை நம்பாமலே கடிதம் அனுப்ப முடியாதா? முடியும் என்று 1976-இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வழி காட்டினார்கள். கணக்கு கடினமானது, ஆனால் மதுரைப் பக்கத்தாருக்குத் திண்டுக்கல் பூட்டை வைத்தே விளக்கிவிடலாம். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றைத் திறந்தபடியே நண்பருக்கு அனுப்புகிறீர்கள். சாவி உங்கள் மடியில். அவர் கடிதத்தைப் பெட்டியில் வைத்து, பூட்டை அழுத்தி அனுப்புகிறார். இனி அவராலேயே திறக்க முடியாது. சுமந்து வருகிறவன் எந்த மூலைக்கு? பூட்டு ஊரெல்லாம் சுற்றலாம். சாவி வீட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் செய்திகள் அனைத்துக்கும் இத்தகைய காவலைப் போட்டு முடித்தது. 'முனைக்கு முனை மறையாக்கம்' என்று இதற்குப் பெயர். ஆனால் அந்தச் செய்திகளின் நகல் கிளவுடில் போய்ச் சேர்ந்ததே, அதற்கு 2021 அக்டோபர் வரை இந்தக் காவல் கிடையாது. கிளவுட் என்றால் மேகம். உண்மையில் அது பிறத்தியார் கிட்டங்கி. வழியெல்லாம் கட்டுக்காவல், கிட்டங்கியில் மட்டும் சாவி கிட்டங்கிக்காரனிடம்! இப்போது நகலையும் பூட்டலாம். ஆனால் அதை நாமாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தொலைத்தாலோ, பேத்தியின் முதல் சிரிப்பு உட்பட எல்லாம் போயிற்று. கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது. சாவியை நாமே வைத்துக்கொள்வதற்கு விலை அது.

இன்னொன்றையும் இந்தப் பூட்டு செய்யாது. வீட்டுக்குள் இருப்பவரை அது தடுக்காது. பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட கணவர் ஒருவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய தொலைபேசி அழைப்புப் பட்டியலைச் சாட்சியமாக நீட்டினார். 2024 அக்டோபர் 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கணவன் மனைவிக்கு இடையிலும் செல்லும் என்றார் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன்.

மாதவியின் ஓலையைப் படித்த கோவலன், அதையே தன் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லிக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்தான். தனக்கு வந்த ஓலையை யாருக்குக் காட்டுவது என்று அவனே தீர்மானித்தான். அந்தப் பெண் நீதிமன்றத்தில் கேட்டதும் அதற்கு மேல் ஒன்றுமில்லை.