மலைக்காப்பியும் வத்தலக்குண்டும்

கொடைக்கானல் போகிறவர்களில் பலர் வத்தலக்குண்டில் பஸ் நின்றதும் இறங்கி ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். ஆனால் அந்த ஊருக்கும் காப்பிக்கும் உள்ள உறவு பஸ் ஸ்டாண்டு கடையோடு முடிந்துவிடுவதில்லை. வத்தலக்குண்டுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் பட்டிவீரன்பட்டி இருக்கிறது. அதைத் தாண்டி அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை என்று ஏறினால் தாண்டிக்குடி வரும். கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்கள் இந்தப் பக்கம்தான். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் தாண்டிக்குடியில் உள்ளது.

17-ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபித் துறவி ஏமன் நாட்டிலிருந்து சில காப்பி விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டு வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்திய மலைகள் பலவற்றிலும் காப்பி பரவியது. கீழ்ப்பழனியில் ஆரஞ்சு, மலைவாழை, மிளகு இவற்றோடு மர நிழலில் காப்பிச் செடி வளர்ந்தது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் செடி முழுக்க மல்லிகை போல வெள்ளைப் பூ! அந்த மழை தவறினால் அந்த வருட மகசூலே போச்சு. பழம் சிவந்து, நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்பார்கள். தோலை நீக்கிக் கழுவிக் காய வைத்தால் அது 'பிளான்டேஷன்'. தோலோடு காய வைத்தால் 'செர்ரி'. சாதாரணமாக ஒரு பழத்தில் இரண்டு கொட்டை இருக்கும். ஒன்றே ஒன்று உருண்டையாக இருந்தால் அதுதான் நம் கடைகளில் கேட்கிற 'பீபரி'.

இனி அடுப்படிக்கு வருவோம். அந்தக் காலத்தில் பச்சைக் கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுத்து, மேசை விளிம்பில் திருகி வைத்த கை மெஷினில் அரைப்பார்கள். பித்தளை பில்ட்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும். இறுக்கி அமுக்கினால் டிகாக்ஷன் இறங்காது. அமுக்காமல் விட்டால் வெறும் கலர் தண்ணீர்தான் வரும். சொட்டுச் சொட்டாக இறங்க கால் மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டால் ருசி கிடையாது! முதல் டிகாக்ஷன் கெட்டி, இரண்டாவது நீர்த்தது. பல வீடுகளில் முதல் டிகாக்ஷன் விருந்தாளிக்கும் வீட்டு ஆண்களுக்கும் போகும். இரண்டாவது, காப்பி போட்ட பெண்ணுக்கு!

வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால் வெளியில் கேட்க வேண்டுமா? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் காப்பி கிளப்புகள் முளைத்தன. 'பிராமணாள்' என்ற பலகை பல கிளப்புகளில் தொங்கியது. ரயில்வே உணவுச்சாலைகளில்கூட பிராமணருக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவர்களோ வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். வெயிலிலும் அட்டைக்கடியிலும் பழம் பறித்தவர்களில், மலைப்பாதையில் மூட்டை இறக்கியவர்களில் எத்தனையோ பேருக்கு, அதே காப்பியை உட்கார்ந்து குடிக்க இடமில்லை.

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் இந்தக் காப்பி ஊரிலிருந்தே வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பட்டிவீரன்பட்டியில் காப்பித் தோட்டக் குடும்பத்தில் 1893-ல் பிறந்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார். சென்னை தி.நகரில் நாம் துணி எடுக்கப் போகிற பாண்டி பஜார் இவர் பெயரால் வந்ததே!

பெரியார் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1941-ல் ரயில்வே உணவுச்சாலைகளில் இருந்த பிரிவினை ஒழிந்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் 'பிராமணாள்' பலகையை எடுக்கக் கோரிப் பல மாதம் மறியல் நடந்தது.

தோட்டக்காரர்களின் நிலையும் இதற்கிடையே மாறியிருந்தது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காப்பி விலை விழுந்தது. 1942-ல் வந்த காப்பிச் சட்டப்படி, வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக மற்ற விளைச்சலை எல்லாம் காப்பி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1990-களில் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. 1996-ல் முழுவதுமாக நீங்கி, விளைவித்தவர் விரும்பியவருக்கு விற்கலாம் என்றானது.

விற்க விடுதலை கிடைத்தது. குடிக்க? இரட்டைக் குவளை முறை சட்டப்படி குற்றம். ஆனாலும் சில கிராமத்துக் கடைகளில் அது ஒளிந்து வாழ்வதாக இப்போதும் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்த முறை வத்தலக்குண்டில் இறங்கி டம்ளரைக் கையில் எடுக்கும்போது, பக்கத்தில் யார் யாரெல்லாம் அதேபோன்ற டம்ளரில் குடிக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் பாருங்கள். அந்தச் சாதாரணக் காட்சிக்காகப் பலர் அடிபட்டிருக்கிறார்கள், சிறைக்குப் போயிருக்கிறார்கள்.