எலக்ட்ரிக் ட்ரெயினும் 'அலைபாயுதே'வும்



சரித்திர வாத்தியாருக்கு சினிமா எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நம் தாம்பரம் பக்கத்துக் குடும்பங்களின் சரித்திரத்தை 'அலைபாயுதே'வை விட்டுவிட்டு எழுத முடியாது என்பது என் கட்சி.

முதலில் ரயில். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931 மே 11. கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரம் வந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வந்தது. பிறகு பெண்கள் படிக்கவும் வேலைக்கும் சீசன் டிக்கெட் வாங்கினார்கள். தெருவில் நின்று பேசினால் மாலைக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும் காலம் அது. முன்பின் தெரியாத இருவர் தினமும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கும் இடமாகக் காலை வண்டி இருந்தது. நானும் பல வருடம் அதில் போனவன்தான். கூட்டத்தில் எல்லாமே தெரியும்!

2000 ஏப்ரல் 14 அன்று மணிரத்னத்தின் படம் வந்தது. கார்த்திக் (மாதவன்) சாஃப்ட்வேர்காரன், வக்கீல் மகன். சக்தி (ஷாலினி) டாக்டருக்குப் படிப்பவள், ரயில்வே ஊழியர் மகள். பழக்கம் புறநகர் ரயிலில் வளர்கிறது. கோயிலில் ரகசியத் தாலி, பிறகும் அவரவர் வீட்டில் வாசம். அக்காவைப் பெண் பார்க்க வந்த இடத்தில் குட்டு உடைகிறது. (பெண் பின்னாலேயே அலைவதைக் காதல் என்று காட்டியது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் இல்லை.)

நம் படங்கள் பெரும்பாலும் தாலி கட்டியதும் 'சுபம்' போட்டுவிடும். இதில் சிக்கலே அதன் பிறகுதான். கட்டி முடிக்காத கட்டடத்தில் குடித்தனம், இருவருக்கும் வேலை, அலுப்பு. ரயிலில் பார்த்தபோது தலை வாரிய முகம், இங்கே தூக்கம் கலையாத முகம். சண்டைக்குப் பெரிய காரணமே வேண்டாம். அந்தச் சின்னச் சண்டைகள்தான் படத்தின் உயிர். கடைசியில் விபத்து வைத்துச் சேர்த்ததை டைரக்டரின் சௌகரியம் என்றே சொல்வேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமலேயே சமாதானம் ஆக வேண்டிய வீடுகள் எத்தனை!

இதே இயக்குநர் 1986இல் 'மௌன ராகம்' எடுத்தார். அது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். விவாகரத்து கேட்கும் தம்பதியை ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். அது கதைக்காகச் சேர்த்ததல்ல. 1955 இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி மூன்று வருடம் வரை விவாகரத்து மனுவே போட முடியாது. 1976 திருத்தத்தில்தான் அது ஒரு வருடமானது. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியும் அப்போதுதான் வந்தது. அந்தப் பத்து வருட இடைவெளியில் வந்த படம் அது. சேர்த்து வைத்த கல்யாணத்துக்குச் சட்டம் அவகாசம் கொடுத்தது, உறவும் கூட நின்றது. கார்த்திக்–சக்திக்கு ராத்திரி சண்டை என்றால் காலையில் வந்து விசாரிக்க ஓர் அத்தை கிடையாது.

எனக்கு அதிகம் வலித்த இடம் சக்தியின் அப்பா. உடம்பு முடியவில்லை என்று தெரிந்து இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விடுகிறார்.

மீட்டர் கேஜ் வண்டி 2004 ஜூலையோடு நின்றது. காதல் கல்யாணம் நிற்கவில்லை, கதவைச் சாத்துவதும் நிற்கவில்லை. நம் உறவிலேயே ஒரு வீட்டில் ஆறு வருடமாக அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. யாரென்று எழுதமாட்டேன், படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தாம்பரத்தில் இருக்கிறார். மகள் பெருங்களத்தூரில். அடுத்த ஸ்டேஷன்.